எங்கள் வீட்டில் இரண்டு 'நானே'

போன ஆடி மாதம் ஒரு காலையில் எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒரே வார்த்தையைச் சொல்லிக் கத்தினார்கள். ஒருவர் என் அம்மா, 83 வயது. இன்னொருவன் என் பேரன், இரண்டரை வயது. அம்மா குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு "நானே போயிக்குவேன், நீ நகரு" என்கிறாள். பேரன் வாசல்படியில் உட்கார்ந்து செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு, சரி செய்யக் குனிந்த என் கையைத் தட்டிவிட்டு "நானே, நானே" என்று அழுகிறான். வெளியே கணவாய்க் காற்றில் பனைமட்டைகள் அடித்துக்கொள்கிற சத்தம் வேறு. யாரிடம் முதலில் போவது என்று தெரியாமல் நடுக்கூடத்தில் நின்றேன்.

எனக்கு 56 வயது. கேரளத்தில் ஆசிரியர்களுக்கு அதுதான் ஓய்வு வயது. மே 31-ம் தேதி மாலையும் பொன்னாடையும் போட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன் 32 வருடம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு எல்.பி. ஸ்கூல், அதாவது தொடக்கப் பள்ளி டீச்சர். சித்தூர் தாலுகா என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஆந்திராவா என்பார்கள். இது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். இந்தக் கிழக்கு மூலையில் வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ், வில்லேஜ் ஆபீசில் பேசுவது மலையாளம், காட்டில் கடலைக்காய்.

அன்றைக்கு அந்த இரண்டு 'நானே'யையும் கேட்டபோது, டி.டி.சி. என்ற ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் மனப்பாடம் செய்த ஒரு அட்டவணை ஞாபகத்துக்கு வந்தது. எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் மனித வாழ்க்கையை எட்டுப் பருவமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு இழுபறி உண்டு என்று 1950-ல் வந்த தன் முதல் புத்தகத்தில் எழுதினார். ஆசிரியர் பயிற்சி எடுத்த எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பால்குடிப் பருவத்தில் நம்பிக்கையா அவநம்பிக்கையா, மூன்று வயதுக்குள் தன்னிச்சையா வெட்கமும் சந்தேகமுமா, பள்ளிக்கு முன் முனைப்பா குற்றவுணர்ச்சியா, பன்னிரண்டு வரை உழைப்பா தாழ்வு மனப்பான்மையா, பதின்மத்தில் அடையாளமா குழப்பமா, இளமையில் நெருக்கமா தனிமையா, நடுவயதில் அடுத்த தலைமுறைக்கு ஆக்கித் தருவதா தேங்கிப் போவதா, கடைசியில் நிறைவா விரக்தியா. ந-த-மு-உ-அ-நெ-ஆ-நி என்று முதலெழுத்தைக் கோத்து வைத்துக்கொண்டு பரீட்சை எழுதினேன், நல்ல மார்க்கும் வந்தது. ஒன்றும் புரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

புரியாமல் போனதற்கு ஒரு காரணம், அதை நான் மச்சுப்படி மாதிரி நினைத்துக்கொண்டதுதான். ஒரு படி ஏறினால் அது முடிந்தது, அடுத்ததற்குப் போகலாம் என்று. எரிக்சன் அப்படிச் சொல்லவில்லை. எட்டு விஷயமும் பிறந்ததிலிருந்தே ஏதோ ஒரு அளவில் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு காலத்தில் முறை வந்து உச்சத்துக்குப் போகிறது, அதற்கப்புறமும் புது வடிவத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்பதுதான் அவர் சொன்னது. அதோடு, நல்ல பக்கம் முழுசாக ஜெயிக்கவும் தேவையில்லை. யாரைக் கண்டாலும் நம்பிவிடுகிற குழந்தை தெருவில் பிழைக்காது, கொஞ்சம் அவநம்பிக்கையும் வேண்டும். எந்தப் பக்கம் கூடுதலாக இருக்கிறது என்பதுதான் கணக்கு.

பேரன் விஷயம் சுலபம். செருப்பு இடம் வலம் மாறினால் யாருக்கும் நஷ்டமில்லை. அவன் மாட்டி முடிக்கிற வரை, ஏழெட்டு நிமிஷம் ஆனாலும் சரி, உட்கார்ந்து பார்க்கிறேன். அப்படியே நடந்துபோய், கால் உறுத்தினால் அவனே கழற்றி மாற்றுகிறான். என் சொந்தப் பிள்ளைகளுக்கு நான் இதைச் செய்யவில்லை. காலை எட்டரைக்குப் பஸ். அள்ளித் திணித்து, பட்டன் போட்டு, சோற்றை ஊட்டி, அங்கன்வாடியில் விட்டுவிட்டு ஓடினேன். "ச்சீ, இதுகூடத் தெரியலையா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று நினைக்கவே கூச்சமாக இருக்கிறது. அந்த வயதுக்கு எரிக்சன் வெட்கம் என்ற வார்த்தையைப் போட்டது எவ்வளவு பொருத்தம். இதே வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் நான் சொல்வது ஒன்றுதான்: பத்து நிமிஷம் முன்னால் எழுந்திருங்கள். வேறு பெரிய வித்தை ஒன்றும் எனக்குத் தெரியாது.

அம்மா விஷயம் அப்படி இல்லை, அங்கே வழுக்கினால் இடுப்பெலும்பு உடையும். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

எரிக்சன் ஆள் யார் என்று நான் தேடிப் படித்தது நாற்பது வயதுக்கு மேல். படித்தபோது, அட, இவர் நம்ம ஊர்க்காரர் மாதிரி இருக்கிறாரே என்று தோன்றியது. 1902-ல் ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட் பக்கம் பிறந்தார். அம்மா டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். பெற்ற அப்பா யார் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது. அம்மா மறுபடி கல்யாணம் செய்துகொண்ட ஹோம்பர்கர் என்ற குழந்தை மருத்துவரைத்தான் சொந்த அப்பா என்று சொல்லி வளர்த்தார்கள். பையனோ உயரம், பொன்னிற முடி, நீலக்கண். யூதர்களின் வழிபாட்டு இடத்தில் 'நீ எங்கள் ஆள் இல்லை' என்று கேலி. ஜெர்மானியப் பள்ளிக்கூடத்தில் 'நீ யூதன்' என்று கேலி. பள்ளி முடித்து, கல்லூரிப் பட்டம் எதுவும் வாங்காமல், படம் வரைந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். 1927-ல் வியன்னாவில் ஒரு சின்னப் பள்ளியில் வாத்தியார் வேலை கிடைத்து, அங்கேதான் சிக்மண்ட் ஃபிராய்டின் மகள் அன்னா ஃபிராய்டிடம் உளப்பகுப்பாய்வு கற்றார். 1933-ல் அமெரிக்கா போனார். 1939-ல் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கும்போது ஹோம்பர்கரைக் கடைசிப் பெயர் இடத்திலிருந்து நகர்த்திவிட்டு, எரிக்சன் என்று தானே ஒரு பெயரைப் போட்டுக்கொண்டார். எரிக்கின் மகன் என்று அர்த்தம். தனக்குத் தானே அப்பா ஆன மாதிரி.

இந்தப் பெயர் சமாச்சாரம் எனக்கு நன்றாகவே புரியும். எங்கள் பக்கத்தில் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, மலையாளிகளில் பலருக்கு வீட்டுப் பெயர். என்னை ஹைஸ்கூலில் சேர்க்கப் போனபோது அங்கிருந்த கிளார்க் "வீட்டுப் பேரு?" என்று கேட்டதற்கு அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாட்டுக்குத்தானுங்க பேர் வெச்சிருக்குது, வீட்டுக்கு வெக்கலீங்க" என்றார். கிளார்க் சிரித்தார், வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சிரித்தார்.

பிரிடிகிரி (இப்போதைய பிளஸ் டூ மாதிரி) சேர்ந்தபோது நான் 'பாண்டி' ஆனேன், தமிழர்களை மலையாளிகள் கூப்பிடுகிற பட்டப்பெயர் அது. கெட்ட மனசோடு சொன்னவர்களும் உண்டு, பாசமாகச் சொன்னவர்களும் உண்டு, இரண்டும் காதில் ஒரே மாதிரிதான் விழும். லீவுக்குப் பொள்ளாச்சியில் மாமா வீட்டுக்குப் போனால் "மலையாளத்துப் புள்ள வந்திருக்குது" என்பார்கள். நான் 'ஆமா' என்பதற்கு 'அதே' என்று சொல்லிவிட்டால் மாமா பையன்கள் ஒரு வாரம் அதையே சொல்லிக்காட்டுவார்கள். பதினேழு வயதில் ஒரு முடிவுக்கு வந்தேன்: இனி முழு மலையாளி ஆகிவிடுவது. தலையில் எண்ணெய் வைத்துக் குளித்து முடியை விரித்துப் போட்டு, நுனியில் மட்டும் முடிச்சு. வீட்டிலும் மலையாளம்தான். ஒரு மாசம் அம்மாவிடம் மலையாளத்தில் பேசினேன், அம்மா தமிழிலேயே பதில் சொன்னாள், சோறு போட்டாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருஷம் நேரெதிராக, மலையாள நாளிதழைக் கையால்கூடத் தொடமாட்டேன் என்று ஒரு ஆவேசம். இரண்டும் நான்தான், இரண்டும் உண்மையான வெறிதான்.

சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படை என்று ஒரு திருவிழா நடக்கும், மாசி மாதத்தில். படையெடுத்து வந்த கொங்கு நாட்டுப் படையைப் பகவதி விரட்டியடித்த கதையை வருஷா வருஷம் கொண்டாடுகிறார்கள். வெடி, வாத்தியம், ஜனக்கூட்டம். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும், அப்பா வறுத்த கடலை மூட்டையோடு என்னையும் கூட்டிப்போயிருந்தார். கதையைப் பக்கத்தில் யாரோ சொல்லக் கேட்டு, கொங்கன் என்றால் நம்ம ஆள்தானே என்று எனக்குத் திடீரென்று உறைத்தது. "அப்பா, நாம எந்தப் பக்கம்?" என்றேன். அப்பா பொட்டலம் மடித்துக்கொண்டே, "நாம கடலை விக்கிற பக்கம், கண்ணு" என்றார்.

அப்போது அது எனக்குப் பதிலாகவே படவில்லை. அடையாளத்தைப் பற்றி எரிக்சன் எழுதியதைப் படித்த பிறகுதான் அப்பா சொன்னதை யோசித்தேன். அடையாளம் என்பதில் அவர் இரண்டு சேர்த்து வைக்கிறார். நேற்றும் இன்றும் நாளையும் நான் ஒரே ஆள்தான் என்று உள்ளுக்குள் தோன்றுவது ஒன்று. அப்படியே பிறரும் நம்மைக் காண்கிறார்கள் என்ற தைரியம் இன்னொன்று. இரண்டாவது பாதியை நாம் சாதாரணமாக மறந்துவிடுகிறோம். கேலிக்கு ஆளாகிற பிள்ளையிடம் "யார் என்ன சொன்னா உனக்கென்ன, கண்டுக்காதே" என்கிறோம். எனக்கும் சொன்னார்கள், நானும் நூறு பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், ஒருவருக்கும் பலித்ததில்லை. மற்றவர் கண்ணில் நாம் யார் என்பது பாதி விஷயம் என்றால், அதைக் கண்டுகொள்ளாமல் எப்படி இருப்பது? அந்தப் பிள்ளைக்கு அதன் இரண்டு பக்கமும் செல்லுபடியாகிற ஒரு இடத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் அப்பாவுக்கு அது கடலைக்கூடை. எனக்கு அது தமிழ்வழிப் பள்ளியின் டீச்சர் நாற்காலி. மலையாளத்தில் வரும் நோட்டீசை அப்பா அம்மாக்களுக்குத் தமிழில் படித்துச் சொல்லவும், அவர்கள் சொல்வதை மலையாளத்தில் விண்ணப்பமாக எழுதவும் நான் தேவைப்பட்டேன். 'பாண்டி' என்று கிண்டலடித்த அதே கலப்பு அங்கே ஒரு தகுதியாக இருந்தது.

எரிக்சன் 1938-ல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் பைன் ரிட்ஜ் என்ற இடத்துக்குப் போய், சூ பழங்குடிப் பிள்ளைகளைப் பார்த்தார். அரசாங்க விடுதிப் பள்ளியில் ஒரு வாழ்க்கை, வீட்டில் நேர்மாறான இன்னொரு வாழ்க்கை. பிள்ளைகள் அசமந்தமாக இருக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் குறைப்பட்டார்கள். பிள்ளைகள் எதிர்த்துச் சண்டை போடவில்லை, உள்ளே ஒதுங்கிக்கொண்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஒரு பெண் குழந்தை ஞாபகம் வந்தாள்.

மூன்றாம் வகுப்பில் என்னிடம் வந்தவள். இரண்டு வருஷம் டவுனில் ஒரு இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, அங்கே ஒட்டாமல், திரும்பத் தமிழ்வழிக்குக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். வகுப்பில் கையைத் தூக்கவே மாட்டாள். தெரிந்த கேள்விக்கும் தரையைப் பார்ப்பாள். நான் முதலில் செய்தது எல்லா டீச்சரும் செய்வதுதான்: எதைச் செய்தாலும் "வெரிகுட்" போட்டேன். அவள் அந்த ஸ்டாரையும் வெரிகுட்டையும் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுவாள். பிள்ளைகளுக்கு வெத்துப் பாராட்டு எது என்று நன்றாகத் தெரியும். எரிக்சனும் இதை எழுதியிருக்கிறார், உண்மையாகச் செய்து முடித்த ஒரு காரியத்துக்குக் கிடைக்கும் மதிப்புதான் பிள்ளைக்குள் ஒட்டும் என்று. அப்புறம் தற்செயலாக ஒன்று நடந்தது. மத்தியானச் சோற்றுக்குத் தினமும் காலையில் தலை எண்ணி சமையல் அக்காவிடம் சொல்ல வேண்டும். எண்ணுகிற பையன் லீவு போட்டான் என்று இவளை அனுப்பினேன். சரியான எண்ணிக்கை, அதோடு "ரெண்டு பேருக்கு வயித்துவலி டீச்சர், அவங்க சாப்பிடமாட்டாங்க" என்று கூடுதல் தகவல். மறுநாளிலிருந்து அது அவள் வேலை. அவள் எண்ணிக்கை தப்பினால் சோறு மிஞ்சும், இல்லை பத்தாது, அதனால் அது விளையாட்டு வேலை இல்லை. இரண்டு மாசத்தில் சமையல் அக்கா அவளை 'மேனேஜர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். கையைத் தூக்கினாளா? தூக்கினாள், ஆனால் நாலாம் வகுப்புக் கடைசியில்தான். இதெல்லாம் சினிமா மாதிரி ஒரே பாட்டில் நடக்காது.

இப்போது என் பையன் கதை. இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் போடாதம்மா, அவ்வளவுதான்" என்றான்.

பிளஸ் டூ முடித்ததும் என்ஜினீயரிங் என்று நானும் எங்க வீட்டுக்காரரும் முடிவு செய்தோம். அவனும் தலையாட்டினான். எந்தப் பிரச்சினையும் இல்லாத பிள்ளை, தங்கமான பிள்ளை என்று ஊரே சொன்னது. கோயம்புத்தூரில் நாலு வருஷம், பெங்களூரில் வேலை. ஒன்றரை வருஷத்தில் வேலையை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வந்து இறங்கினான். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியலம்மா, நான் யோசிச்சதே இல்ல" என்றான். நான் அழுதேன், வீட்டுக்காரர் கத்தினார், சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து அறிவுரை சொன்னார்கள். எல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-ல், எரிக்சன் சொன்ன அடையாளப் பருவத்தை இரண்டு கேள்வியால் பிரித்துப் பார்த்தார். இவன் தேடிப் பார்த்தானா? ஒன்றைப் பிடித்து நின்றானா? தேடி, பிறகு பிடித்தவர்கள் உண்டு. இன்னும் தேடிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. தேடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை என்று மிதப்பவர்கள் உண்டு. நாலாவது, தேடாமலே பிடித்துக்கொண்டவர்கள். பெற்றவர்கள் கையில் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டவர்கள். நம் ஊரில் 'சொல்பேச்சு கேட்கிற பிள்ளை' என்று மெச்சுவதில் பாதிப்பேர் இந்த நாலாவது ரகம்தான் என்பது என் அபிப்பிராயம். அது கெட்டது என்று சொல்ல வரவில்லை, பலருக்கு அது வாழ்நாள் முழுக்க ஓடிவிடுகிறது. ஆனால் ஓடாமல் நின்றால், பதினேழில் வந்திருக்க வேண்டிய கேள்வி இருபத்து நாலில் வட்டியோடு வருகிறது. மார்சியாவே பிற்பாடு சொன்னார், தேடலும் பிடிப்பும் ஒருமுறையோடு முடிவதில்லை, பெரியவர்களான பிறகும் மாறி மாறி வரும் என்று.

இந்தத் தேடும் காலத்துக்கு எரிக்சன் 'மொரட்டோரியம்' என்று ஒரு நல்ல வார்த்தை வைத்திருந்தார்: கடனைத் திருப்பிக் கட்டத் தருகிற தவணை மாதிரி, இளைஞர்களுக்குச் சமூகம் கொடுக்கிற ஒரு இடைவேளை. அவரே அப்படிப் படம் வரைந்துகொண்டு அலைந்தவர்தானே. எங்கள் வீட்டில் அந்த இடைவேளையை ஒரு ஒப்பந்தமாகப் போட்டோம். ஓணம் வரை வேலையைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது, வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களையும் கேட்கவிடக் கூடாது. அவன் பங்குக்கு, காலையில் மாட்டுக்குத் தீனி, வாரம் ஒருநாள் அம்மாயியை, அதாவது என் அம்மாவை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, ராத்திரி சாப்பாடு எல்லோரோடும் உட்கார்ந்து. கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய கஷ்டம். நாக்கின் நுனியில் வந்து நிற்கும், அப்படியே எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவேன். அந்த மாசங்களில் எங்கள் வீட்டுப் பாத்திரம் பளபளவென்று இருந்தது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தேடிக்கொண்டிருப்பதும் மனச்சோர்வு நோயும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இரண்டுமே கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, பிடித்த விஷயத்தில்கூட நாட்டமில்லாமல், இருந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால், அதை 'அடையாளத் தேடல்' என்று அழகாகப் பெயர் சொல்லி விட்டுவிடக் கூடாது. நடுவில் ஒரு கட்டத்தில் எங்களுக்கும் சந்தேகம் வந்தது, மனநல மருத்துவரைப் பார்த்தோம், கொஞ்ச நாள் மாத்திரையும் சாப்பிட்டான். உடனே டாக்டரிடம் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் இலவச எண் இருக்கிறது, 14416. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.

இப்போது அவன் பொள்ளாச்சியில் சொட்டுநீர்ப் பாசனச் சாமான் விற்கிற கடையில் இருக்கிறான். தோட்டம் தோட்டமாகப் போய்க் குழாய் போட்டுத் தருகிறான். இதுதான் அவன் கடைசி வேலையா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

எரிக்சனை நான் பெரிய மகானாக நினைத்துக்கொண்டிருந்த காலமும் உண்டு. பிறகு ஒன்று தெரியவந்தது. 1944-ல் அவருக்கு நாலாவதாக ஒரு மகன் பிறந்தான், டவுன் சின்ட்ரோம் குறைபாட்டோடு. குழந்தையை ஒரு காப்பகத்தில் சேர்த்துவிட்டு, மற்றப் பிள்ளைகளிடம் குழந்தை இறந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். குழந்தைக்கு முதல் தேவை நம்பிக்கை என்று எழுதிய அதே ஆள். படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் எழுதியதை அதற்காகத் தூக்கிப் போடவில்லை, ஆனால் அதற்கப்புறம் அந்த அட்டவணையை நான் வேதமாகப் படிப்பதில்லை. அவரிடம் ஹார்வர்டில் வேலை பார்த்த கரோல் கில்லிகன் 1982-ல் ஒரு கேள்வி எழுப்பினார்: முதலில் தனி ஆளாக நின்று அடையாளம், அப்புறம்தான் நெருக்கம் என்ற வரிசை ஆண்களை வைத்துப் போட்டதல்லவா, பெண்களுக்கு இரண்டும் பின்னிப் பிணைந்தல்லவா வருகிறது என்று. என்னைக் கேட்டால், எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, மாமியாரோடு நாலு சண்டை போட்டு முடித்த பிறகுதான் நான் யார் என்பதே கொஞ்சம் பிடிபட்டது.

பிடிபட்டதும் போன மே 31-ல் கையை விட்டு நழுவிவிட்டது. 32 வருஷம் 'டீச்சர்' என்பதுதான் என் பெயர். கடைக்காரர், கண்டக்டர், போஸ்ட்மேன் எல்லோருக்கும். இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், ஆனால் எனக்குக் கேட்கும்போது யாரோ பின்னால் நிற்பது போல இருக்கிறது. ஜூன் முதல் வாரம் பள்ளி திறந்த அன்று எட்டரைப் பஸ் வரும் சத்தம் கேட்டதும் எழுந்து முந்தானையைச் சரி செய்தேன், பிறகு உட்கார்ந்தேன். ஆக்கமா தேக்கமா என்கிற ஏழாவது இழுபறி. ஊர் வாயனசாலையில், அதாவது படிப்பகத்தில், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லித்தரலாம் என்று போனேன். முதல் வாரம் பழக்கதோஷத்தில் வருகைப் பதிவு எடுத்துவிட்டேன், இரண்டு பிள்ளைகள் மறுநாள் வரவில்லை. செங்கல் சூளையில் வேலை செய்கிற வடக்கத்திக் குடும்பத்துப் பையன் ஒருவன் வருகிறான். அவனுக்கு நான் டீச்சரும் இல்லை, அக்காவும் இல்லை. 'ஓ தாதி' என்கிறான், பாட்டி என்று அர்த்தமாம். அதற்கு இன்னும் பழகவில்லை.

சரி, அம்மாவுக்கு வருகிறேன்.

அம்மா இந்த வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் 1942-ல் பிறந்தவள். அப்போது இது கொச்சி ராஜாவின் சீமை. 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி ஆனது, 1956 நவம்பர் 1-ம் தேதி கேரளம் ஆனது. தெருவை விட்டு நகராமலே மூன்று ராஜ்யம் பார்த்தவள். நீ தமிழா மலையாளியா என்ற கேள்வி அவளை ஒருநாளும் தொந்தரவு செய்ததாகத் தெரியவில்லை. அவளுடைய கேள்வி வேறு.

எரிக்சன் 1994-ல் இறந்தார். அவரோடு சேர்ந்து இந்த எட்டையும் யோசித்தவர் அவர் மனைவி ஜோன். தொண்ணூறு வயதைத் தாண்டிய ஜோன், தாங்களே அந்த வயதுக்கு வந்து பார்த்தபோது எட்டோடு முடியவில்லை என்று கண்டு, ஒன்பதாவது ஒன்றை எழுதிச் சேர்த்தார், அது 1997-ல் வெளிவந்தது. எட்டுப் பருவத்திலும் நல்லதை முதலிலும் கெட்டதை இரண்டாவதாகவும் எழுதிவந்தோமே, மிகவும் முதிர்ந்த வயதில் அந்த இரண்டாவது முன்னால் வந்து நின்றுகொள்கிறது என்றார். தன் உடம்பையே நம்ப முடியாது. கை நடுங்கும், சிறுநீர் அடங்காது, வெட்கமும் சந்தேகமும் இரண்டு வயதில் வந்த மாதிரியே திரும்பி வரும். இதைப் படிக்காமல் இருந்திருந்தால் அம்மாவின் 'நானே'யை வயதானவளின் அடம் என்றுதான் வைத்திருப்பேன்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். குளியலறைச் சுவரில் இரண்டு இடத்தில் கைப்பிடி. தரையில் வழுக்காத பாய். உட்கார ஒரு பிளாஸ்டிக் முக்காலி. உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டோம், ஆனால் கதவை அவளே சாத்திக்கொள்வாள். நான் வெளியே நிற்பதில்லை, சமையலறையில் நின்று வேண்டுமென்றே டம்ளரை உருட்டிக்கொண்டிருப்பேன், காவல் நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியக் கூடாது. தெரியும் என்று நினைக்கிறேன். டாக்டர் என்னைப் பார்த்து "அம்மாவுக்கு எப்படி இருக்கு" என்றால், "அம்மாவையே கேளுங்க டாக்டர்" என்கிறேன். இந்த ஒன்றுக்குத்தான் அவள் முகத்தில் பெரிய மாற்றம் தெரிந்தது.

வயதானவர்கள் பழங்கதை பேசுவது மறதியின் அறிகுறி இல்லை, வாழ்க்கையைத் திரும்பப் பார்த்துச் சரிபார்ப்பது அந்த வயதின் இயல்பான வேலை என்று 1963-ல் ராபர்ட் பட்லர் என்ற மருத்துவர் எழுதினார். அதனால் அம்மாவைப் பேசவிட்டேன். திரும்பத் திரும்ப வருவது ஒரே கதைதான்: அஞ்சாம் வகுப்போடு தன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, நிறுத்திவிட்டார். நான் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "அதனால என்னம்மா, என்னைப் படிக்க வெச்சு டீச்சர் ஆக்கினியே" என்றேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்னைப் படிக்க வெச்சது வேற அம்மிணி, நான் படிக்காதது வேற" என்றாள்.

அதிலிருந்து தேற்றுவதை நிறுத்திவிட்டேன். சொல்கிறாள், கேட்கிறேன். சில நாள் அழுகிறாள், சில நாள் அந்தப் பள்ளிக்கூடத்து மணியக்காரர் எப்படி நடப்பார் என்று நடித்துக் காட்டுகிறாள்.

இப்போதெல்லாம் காலையில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "ஏன் அம்மிணி, ஸ்கூலுக்குப் போகலியா?" முதலில், "ரிட்டையர் ஆயிட்டேம்மா" என்று ஒவ்வொரு நாளும் விளக்கினேன். ஒவ்வொரு நாளும் அவளுக்கு அது புதுச் செய்தி, ஒவ்வொரு நாளும் முகம் வாடும். எனக்கும்தான். போன வாரம் யோசிக்காமல், "லீவும்மா" என்றேன்.

"லீவுன்னா சும்மா நிக்காம இந்தக் கடலைக்காயை உரி" என்று முறத்தை என் பக்கம் தள்ளினாள். பேரன் ஓடிவந்து என் மடியில் உட்கார்ந்து ஒரு காயை எடுத்துக் கடித்தான். உடைத்துக் கொடுக்கப் போனேன். "நானே" என்றான்.